வந்த வீட்டின் பிள்ளை

நுழையும்முன்

ஒரு நாட்டைப் பற்றி அறிய நூல்கள் உண்டு, திரைப்படங்கள் உண்டு, சுற்றுலாவும் உண்டு. ஆயினும், அந்நாட்டு மக்கள் சினம் வந்தால் குரலை உயர்த்துவரா, பேச்சையே நிறுத்திவிடுவரா, மீந்த உணவை என்ன செய்வர், பிள்ளைகளை எப்போது தனியே விடுவர் என்பனவற்றை நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அவற்றை அறிய ஒரு வீட்டினுள் வாழவேண்டும். மேனிலைப் பள்ளி வயதில் கடல் கடந்து சென்று, உறவல்லாத ஒரு குடும்பத்தில் ஓராண்டுக் காலம் பிள்ளையாக வாழும் வழக்கம் உலகில் உண்டு. அவ்வழக்கம் தோன்றிய வகையையும் அவ்வாழ்க்கையின் இயல்பையும் இப்பாடம் விளக்குகிறது.

போர்முனையிலிருந்து பள்ளிக்கு

முதல் உலகப்போர் மூண்டபோது பாரிசு நகரை அடுத்த நூயி என்னும் ஊரில் அமெரிக்கர்கள் ஒரு மருத்துவமனையை நடத்தி வந்தனர். காயமுற்ற பிரெஞ்சு வீரர்களைப் போர்முனையிலிருந்து ஏற்றிவர ஊர்திகளும் ஓட்டுநர்களும் தேவைப்பட்டனர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவரான பியாட் ஆண்ட்ரூ, 1915ஆம் ஆண்டில் தன்னார்வ ஓட்டுநர்களைத் திரட்டி ஓர் அமைப்பை உருவாக்கினார். அதுவே ஏ.எஃப்.எஸ். என இன்று அறியப்படும் அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் ஆகும். அதன் ஓட்டுநர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். துப்பாக்கி ஏந்தாமல், குண்டு விழும் சாலைகளில் சிறிய ஃபோர்டு ஊர்திகளை ஓட்டிச் சென்றவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப்போரிலும் அவ்வமைப்பு மீண்டும் பணிக்கு வந்தது; வட ஆப்பிரிக்கா, இத்தாலி முதலிய இடங்களிலும் இந்திய-பர்மா போர்முனையிலும் அதன் ஊர்திகள் ஓடின.

போர் முடிந்தபின் இவ்வமைப்பைக் கலைத்துவிட்டிருக்கலாம். ஆனால், அதன் தலைவர் ஸ்டீபன் கலாட்டியும் முன்னாள் ஓட்டுநர்களும் 1946இல் வேறொரு முடிவுக்கு வந்தனர். காயமுற்றவர்களை ஏற்றி இறக்கிய கைகள், இனிப் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அழைத்துச் செல்லட்டும் என்பதே அம்முடிவு. 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தனர். முந்தைய சில ஆண்டுகள் வரை குண்டுகளுக்கு அஞ்சிப் பதுங்கியிருந்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், அம்முயற்சியின் பொருள் விளங்கும்.

விடுதியில் தங்கவைக்காமல் குடும்பத்தில் தங்கவைப்பது என்னும் எண்ணம் அதற்கும் முன்னரே தோன்றியது. டொனால்டு வாட் என்பார் 1932இல் அமெரிக்க இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று, ‘பன்னாட்டு வாழ்வியல் சோதனை’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இளைஞர்களை முகாமில் ஒன்றுகூட்டுவதைவிடக் குடும்பங்களில் தங்கவைப்பதே பயன்தரும் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். முகாமில் ஒவ்வொருவரும் தத்தம் மொழி பேசுவோருடனே சேர்ந்துகொள்வர். வீட்டிலோ அத்தகைய ஒதுங்குமிடம் கிடையாது. 1934இல் இத்திட்டத்தின்வழி செருமனிக்குச் சென்ற சார்ஜண்ட் ஷ்ரைவர் என்னும் இளைஞர், பின்னாளில் அமெரிக்க அமைதிப் படையின் முதல் இயக்குநர் ஆனார்.

பின்னர் அரசுகளும் இதில் ஈடுபட்டன. செருமானியர் அமெரிக்காவில் முதன்முதலாகக் கூட்டமாகக் குடியேறிய ஆண்டு 1683. அதன் 300ஆம் ஆண்டு நினைவாக 1983இல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் இணைந்து மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. சோவியத்து ஒன்றியம் சிதறியபின், 1992இல், அதிலிருந்து பிரிந்த நாடுகளின் மாணவர்களுக்கென ஒரு திட்டம் வந்தது. 2001இல் நியூயார்க்கு இரட்டைக் கோபுரத் தாக்குதல் நிகழ்ந்த மறு ஆண்டே, இசுலாமியர் மிகுதியாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கெனக் கென்னடி-லூகர் திட்டம் ஏற்பட்டது. இந்திய மாணவர்களும் இதில் இடம்பெறுகின்றனர். இவற்றைத் தொடங்கிய ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். நாடுகளுக்கிடையே நம்பிக்கை குலைந்த காலங்களில்தான், பெரியவர்கள் பிள்ளைகளைத் தூதுவர்களாக அனுப்ப முனைந்திருக்கிறார்கள்.

விருந்தினரா, பிள்ளையா?

மாணவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தை ஏற்புக் குடும்பம் எனலாம். அமெரிக்காவில் ஏற்புக் குடும்பத்தினருக்கு இதற்காக ஊதியம் தருவதில்லை. மாணவர் தங்கும் ஒவ்வொரு மாதத்திற்கும் 50 டாலர் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒரு பதின்பருவப் பிள்ளை ஒரு மாதத்தில் உண்ணும் உணவுக்குக்கூட அத்தொகை போதாது. தாய், தந்தை, இரு பிள்ளைகள் என்னும் வடிவில்தான் அக்குடும்பம் இருக்கவேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய முதிய இணையர், தனித்து வாழும் ஒருவர், வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் என யாரும் மாணவரை ஏற்கலாம். தனித்து வாழ்பவர் வீடெனில், மாணவரிடமும் அவருடைய பெற்றோரிடமும் முன்னரே இசைவு பெறவேண்டும்.

அமெரிக்க அரசின் விதிகள் இதில் கண்டிப்பானவை. மாணவர் 15 வயது நிறைந்தவராகவும் பதினெட்டரை வயதைக் கடவாதவராகவும் இருத்தல் வேண்டும். 11 ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக் கல்வி முடித்திருத்தல் கூடாது. ஏற்புக் குடும்பத்தில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருடைய குற்றப் பின்னணியும் ஆராயப்படும். வீட்டை நேரில் சென்று பார்த்த பின்னரே மாணவர் அங்கு அனுப்பப்படுவார். மாணவருக்குத் தனிக்கட்டில் வேண்டும். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மாணவர் வாழும் இடத்திலிருந்து 120 மைல் தொலைவுக்குள் வசிப்பவராக இருந்து, மாதந்தோறும் மாணவரிடமும் குடும்பத்தாரிடமும் தொடர்புகொண்டு நலம் அறிதல் வேண்டும். இத்தனை விதிகளும் காகிதத்தில் பிறந்தவையல்ல. பாதுகாப்பற்ற வீடுகளில் சிக்கித் துன்புற்ற பிள்ளைகளின் கண்ணீர் இவற்றின் பின்னே உண்டு. அதனால்தான், அவசரக் காலத்தில் அழைக்கவேண்டிய எண்கள் அச்சிட்ட அட்டை ஒன்றும் ஒவ்வொரு மாணவர் கையிலும் தரப்படுகிறது.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பழமொழி. பத்து மாதம் தங்கும் ஒருவரை விருந்தினராக நடத்த எந்தக் குடும்பத்தாலும் இயலாது. நடத்தினால் இருவருக்குமே மூச்சுமுட்டும். ஆகவே, பரிமாற்ற மாணவர் விருந்தினர் அல்லர், பிள்ளை என்பது எல்லாத் திட்டங்களும் முதல் நாளே சொல்லிவைக்கும் பாடம். உண்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவுமிடத்தில் வைக்கவேண்டும். தன் படுக்கையைத் தானே விரிக்கவேண்டும். குப்பையை வாயிற்புறம் கொண்டுபோய் வைக்கும் முறை தனக்கும் வரும். முதல் இரு வாரங்களில் உபசரிப்பு மிகுதியாக இருக்கும். மூன்றாம் வாரத்தில் ஏற்புத் தாய், “உன் துணிகளைத் துவைக்கும் இயந்திரத்தில் நீயே போட்டுக்கொள்” என்று கூறும்போது மாணவர் திடுக்கிடுவார். அன்பு குறைந்துவிட்டதோ என ஐயுறுவார். உண்மையில் அன்றுதான் அவர் அவ்வீட்டுப் பிள்ளையாகத் தொடங்குகிறார்.

அவர்களை எவ்வாறு அழைப்பது என்பதும் எளிய சிக்கலன்று. அமெரிக்கக் குடும்பங்களில் ஏற்புப் பெற்றோரைப் பெயர் சொல்லி அழைக்கும் மாணவர்கள் பலர். ‘மாம்’, ‘டாட்’ என அழைப்பவர்களும் உண்டு. பெரியவர்களைப் பெயரிட்டழைக்கக் கூசும் நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள், சில வாரங்கள்வரை எந்தப் பெயரும் சொல்லாமல், அருகில் சென்று தொண்டையைச் செருமியே காலம் கழிப்பதுண்டு. சப்பானிய வீடுகளிலோ ‘ஒக்காசான்’ (அம்மா), ‘ஒத்தோசான்’ (அப்பா) என அழைப்பதே இயல்பு. செருமன் மொழியில், தமிழின் நீ, நீங்கள் போல, ‘டூ’, ‘ஸீ’ என இரு சொற்கள் உண்டு. வீட்டுக்குள் ‘டூ’ என்றே பேசிப் பழகிய அயல்நாட்டு மாணவர், அதே பழக்கத்தில் தலைமையாசிரியரையும் ‘டூ’ என விளித்துவிட்டு, வகுப்பு நகைப்பதன் காரணம் விளங்காமல் நிற்பார்.

சமையலறை கற்பிப்பவை

ஏற்புக் குடும்ப வாழ்வின் சிக்கல்களில் பெரும்பகுதி சமையலறையிலும் குளியலறையிலும் கதவுகளிலும் ஒளிந்திருக்கிறது என்றால் மிகையாகாது. அரசியல் பற்றியோ சமயம் பற்றியோ எழும் பூசல்கள் அவற்றைவிடக் குறைவே.

உணவு வேண்டுமா எனக் கேட்டால் முதலில் மறுப்பதும், மீண்டும் மீண்டும் வற்புறுத்தியபின் ஏற்பதும் ஆசிய நாடுகள் பலவற்றில் பண்பாடாகக் கருதப்படுகிறது. அமெரிக்க வீட்டில் ‘வேண்டா’ என்பதற்கு ‘வேண்டா’ என்பதே பொருள். மறுத்த பிள்ளையை மறுமுறை கேட்பது, அவர் விருப்பத்தை மதியாமை என்று அவர்கள் எண்ணுவர். குளிர்பதனப் பெட்டியைக் காட்டி, “பசித்தால் எடுத்துக்கொள்” என்று ஒருமுறை சொல்லிவிடுவார்கள். பிறர் வீட்டுப் பெட்டியைத் தானே திறப்பது திருட்டுக்கு ஒப்பானது எனப் பழகிய மாணவர், நிறைந்த அப்பெட்டிக்கு அருகிலேயே பசியோடு படுத்துறங்குவார். வீட்டாரோ, தங்கள் உணவு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போலும் என வருந்துவர். இருவரும் நல்லவர்களே, இருவருக்கும் இடையே பசி மட்டும் உண்மை.

செருமானியக் குடும்பங்கள் பலவற்றில் சூடான உணவு நண்பகலிலேயே முடிந்துவிடும். மாலையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைக் கொண்ட குளிர்ந்த உணவே மேசைக்கு வரும்; அதற்கு ‘மாலை ரொட்டி’ என்றே பெயர். முதல் நாள் அதைச் சிற்றுண்டி எனக் கருதிச் சிறிதளவு உண்டுவிட்டு, இரவு உணவுக்காகக் காத்திருக்கும் அயல்நாட்டுப் பிள்ளைக்கு நள்ளிரவில்தான் உண்மை புலப்படும்.

சப்பானியக் குளியல் தொட்டி இன்னும் நுட்பமானது. அங்குத் தொட்டி, உடலைத் தூய்மை செய்வதற்கன்று. தொட்டிக்கு வெளியே அமர்ந்து, சவர்க்காரமிட்டு நன்கு குளித்துத் தூய்மையான பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்கி இளைப்பாறவேண்டும். அதே நீரில்தான் வீட்டார் ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். விருந்தினர் மீதுள்ள மதிப்பால் வந்த பிள்ளைக்கே முதல் வாய்ப்பை அளிப்பார்கள். தன் நாட்டு வழக்கப்படி, குளித்து முடித்ததும் அடைப்பைப் பிடுங்கி நீர் முழுவதையும் வடியவிட்டு, தொட்டியைத் தூய்மையாக்கிவிட்டதாக மகிழ்ந்து வெளிவரும் அப்பிள்ளையிடம் யாரும் கடிந்து பேசமாட்டார்கள். மீண்டும் நீர் நிரப்பிச் சூடேற்றுவார்கள். செய்த பிழை என்ன என்பதை அப்பிள்ளை அறியச் சில நாள்கள் ஆகும்.

கதவுகளின் கதை வேறு. செருமானியர் தம் அறைக் கதவை மூடிவைப்பதும் அமெரிக்கர் திறந்துவைப்பதும் அவ்வப்பண்பாட்டின் கூறுகள் என, அமெரிக்க மானிடவியலறிஞர் எட்வர்டு ஹால் 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். செருமானியருக்கு மூடிய கதவு ஒழுங்கின் அடையாளம். திறந்த கதவு கவனமின்மை. அமெரிக்க வீட்டிலோ பகற்பொழுதில் நெடுநேரம் மூடியிருக்கும் கதவு, ‘என்னை அணுகாதீர்கள்’ என்று சொல்வதாகப் பொருள்படும். தன் வீட்டு ஒழுங்கைப் பேணுவதாக எண்ணிக் கதவை மூடிப் படிக்கும் செருமானிய மாணவியை, மனவருத்தத்தில் இருக்கிறாளோ என எண்ணி வீட்டார் ஒதுங்கிச் செல்வர். அவர்கள் ஒதுங்குவதைக் கண்டு அவள் உண்மையாகவே மனம் வருந்துவாள்.

இத்தகைய நிலையில் உதவுவது வாய்திறந்து கேட்பது ஒன்றே. “நான் எப்போது குளிக்கலாம்? கதவை மூடலாமா? எதை எடுத்துண்ணலாம், எதைக் கேட்டு உண்ணவேண்டும்?” என்பன போன்ற வினாக்களை எழுதிய நீண்ட பட்டியலைத் திட்ட அமைப்புகள் சில மாணவர் கையில் தருவதுண்டு. முதல் வாரத்திலேயே குடும்பத்தாருடன் அமர்ந்து அவற்றைப் பேசித் தீர்க்கவேண்டும். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இப்பட்டியல், பல மாதக் கசப்பைத் தவிர்க்கவல்லது.

வளைகோடு

அயல் மண்ணில் வாழ்வோர் அடையும் தடுமாற்றத்தைப் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என விளக்கிப் பரவலாக அறியச் செய்தவர் கலர்வோ ஓபர்க் என்னும் மானிடவியலறிஞர். அமெரிக்காவில் தங்கிய நார்வே நாட்டுக் கல்வியாளர்களை ஆராய்ந்த லிஸ்கார்டு, அவர்தம் மனநிலை தொடக்கத்தில் உயர்ந்தும், இடையில் தாழ்ந்தும், மீண்டும் உயர்ந்தும் செல்வதை 1955இல் எடுத்துக்காட்டினார். ‘யு’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவம் அது. எல்லா மாணவர்க்கும் இவ்வளைகோடு அச்சடித்தாற்போல் பொருந்தாது. ஆயினும், தாழ்வு வரும் என முன்னரே அறிந்திருப்பது, அது வரும்போது தாங்கும் வலிமையைத் தருகிறது.

வட நாடுகளில் அத்தாழ்வு பெரும்பாலும் குளிர்காலத்தில் வந்து சேர்கிறது. நான்கு மணிக்கே இருட்டிவிடும். புதுமை தீர்ந்திருக்கும், மொழியோ இன்னும் முழுமையாகக் கைவந்திராது. நாள் முழுவதும் அயல்மொழியைக் கூர்ந்து கேட்டுக் கேட்டு மாலையில் தலை கனக்கும். சிற்றூர்களில் பேருந்தும் இராது. மாணவர் ஊர்தி ஓட்டவும் திட்டங்கள் பெரும்பாலும் இசைவதில்லை. எங்குச் செல்வதானாலும் ஏற்புப் பெற்றோர் ஊர்தியில் அழைத்துச் செல்லவேண்டும். சொந்த ஊரில் மிதிவண்டியில் நினைத்த இடத்திற்குச் சென்றுவந்த பிள்ளைக்கு இது சிறகொடிந்த நிலை. அந்நேரத்தில் கிறித்துமசு விழா வரும். வீடெங்கும் விளக்கொளி, உறவினர் கூட்டம், அவர்களுக்குள் பழைய நினைவுகள். அனைவரும் நகைக்கும் கதையில் தனக்கு மட்டும் பங்கில்லை என்னும் உணர்வு, தனியறையில் இருப்பதைவிடக் கொடிய தனிமை.

முன்பு கடிதம் போய்ச் சேரவே பல நாள்கள் ஆகும். எழுதிய துயரம் பெற்றோரை எட்டும்போது, எழுதியவருக்கு அது மறந்தே போயிருக்கும். இன்று அலைபேசியில் முகம் பார்த்து நாள்தோறும் பேசலாம். இது நன்மையாகத் தோன்றினும், அளவு மீறினால் உடல் ஓரிடத்திலும் மனம் ஓரிடத்திலுமாகப் பிளவுபடுகிறது. ஆதலால், வீட்டுக்குப் பேசும் நேரத்தை வரையறுத்துக்கொள்ளுமாறு ஒருங்கிணைப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். ஏற்பு வீட்டுப் பிள்ளைகளின் மனநிலையும் எண்ணத்தக்கது. தாயின் கவனமும் வண்டியின் முன்னிருக்கையும் திடீரெனப் பங்கிடப்படும்போது, பத்து வயதுத் தம்பி முகம் கோணுவதில் வியப்பில்லை.

எவ்வளவு முயன்றும் ஒத்துவராத குடும்பங்களும் உண்டு. அப்போது ஒருங்கிணைப்பாளர் இருதரப்பையும் அமர்த்திப் பேசுவார்; பயனில்லையெனில் மாணவர் வேறு வீட்டுக்கு மாற்றப்படுவார். இதைத் தோல்வியென எண்ணி மறைக்கும் பிள்ளைகள் உளர். மறைத்தல்தான் ஆபத்து. ரோட்டரி சங்கத்தின் திட்டத்திலோ ஓராண்டிற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் வாழ்வதே பொது நடைமுறை.

ஒரு சொல்லின் விலை

1992ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து பாட்டன் ரூஜ் நகரில் நிகழ்ந்ததை மாணவர் பரிமாற்றத்தின் வரலாறு மறக்கவியலாது. சப்பானின் நகோயாவைச் சேர்ந்த 16 வயது மாணவர் ஒருவர், வந்து ஏறத்தாழ இரு மாதங்களே ஆன நிலையில், தம் ஏற்புச் சகோதரருடன் ஆலோவீன் விருந்து ஒன்றுக்கு மாறுவேடமணிந்து சென்றார். அவர்கள் வீடு மாறி வேறொரு வீட்டின் அழைப்புமணியை அழுத்திவிட்டனர். அஞ்சிய வீட்டுக்காரர் துப்பாக்கியுடன் வெளிவந்து, “ஃப்ரீஸ்” எனக் கூவினார். ‘உறைதல்’ என்று பாடநூலில் பொருள் கற்ற அச்சொல், அங்கு ‘அசையாதே’ என்னும் கட்டளை. அம்மாணவர் விருந்துக்கு வந்ததாகக் கூறியவாறே அவரை நோக்கி நடந்தார். சுடப்பட்டு உயிரிழந்தார். குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுவிக்கப்பட்டார்; உரிமையியல் நீதிமன்றம் பின்னர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அம்மாணவரின் பெற்றோர் செய்தவை இங்குக் குறிப்பிடத்தக்கன. துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துமாறு அமெரிக்காவை வேண்டிச் சப்பானில் 17 இலட்சம் பேரிடம் கையொப்பம் திரட்டினர்; 1993இல் அதிபர் கிளிண்டனை நேரில் சந்தித்தனர். மகனை ஏற்றிருந்த குடும்பத்தை அவர்கள் வெறுக்கவில்லை. அக்குடும்பமும் அவர்களுடன் இணைந்து அவ்வியக்கத்தில் உழைத்தது. மகனின் பெயரால் ஒரு நிதியை நிறுவி, அமெரிக்க மாணவர்கள் சப்பானுக்கு வந்து அங்குள்ள குடும்பங்களில் வாழ வழிசெய்தனர். எந்த வாயில் தம் மகனுக்கு அடைபட்டதோ, அந்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தம் நாட்டின் வாயிலைத் திறந்துவைத்தனர்.

திரும்புதல்

பள்ளியாண்டு முடிந்ததும் மாணவர் தாய்நாடு திரும்பியே ஆகவேண்டும். 1973-74ஆம் கல்வியாண்டில் ஏ.எஃப்.எஸ். உதவியுடன் மேரிலாந்தில் ஒரு பள்ளியில் பயின்று பிரான்சு திரும்பிய மாணவி கிறிஸ்டின் லகார்டு, பின்னாளில் பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் தலைமைப் பொறுப்பையும், 2019 முதல் ஐரோப்பிய நடுவண் வங்கியின் தலைமையையும் ஏற்றார். எல்லாரும் அத்தகைய உயரத்தை எட்டுவதில்லை. எட்டாதோரின் அனுபவமே பெரும்பான்மை.

அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் இணையர் 1963இல், முன்சொன்ன வளைகோட்டுடன் மற்றொன்றையும் சேர்த்தனர். தாயகம் திரும்பியோரும் அதே போன்றதொரு தாழ்வை அடைவர் என்பது அவர்தம் முடிவு. ஒரு ‘யு’ இரண்டாகி ‘டபிள்யூ’ வடிவம் பெற்றது. செல்லும்போது தடுமாற்றத்தை எதிர்பார்த்தே செல்கிறோம். திரும்பும்போது யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. அதனாலேயே அது கடுமையாகத் தாக்குகிறது. நண்பர்கள் அடுத்த வகுப்பிற்குச் சென்றிருப்பர். அயல்நாட்டுப் பள்ளியாண்டு எல்லா நாடுகளிலும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை என்பதால், சிலர் அதே வகுப்பை மீண்டும் படிக்க நேரும். சொல்வதற்கு ஓராண்டுக் கதை இருக்கும். கேட்பவர்களுக்குப் பத்து நிமிடப் பொறுமையே இருக்கும். தாய்மொழியில் பேசும்போதே ஒரு சொல் கிட்டாமல் நாக்கு தவிக்கும்.

முதல் நாள் இரவு, உணவு மேசையில் தாய் கரண்டியை எடுப்பதற்குள் பிள்ளை தானே பரிமாறிக்கொள்கிறது. “இன்னும் கொஞ்சம்” என அவர் கேட்கும்போது, “போதும்” என ஒரே சொல்லில் மறுத்துவிட்டு, தட்டை எடுத்துச் சென்று கழுவி வைக்கிறது. தாய் ஒன்றும் சொல்லவில்லை. கையில் கரண்டியுடன், அப்பிள்ளை நடந்து செல்வதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.